ஒரு விஷயத்தையாவது சுமாராகச் செய்யுங்கள்

1/
போன ஞாயிறு காலை ஆறேகால் மணி. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோவில் குளத்தின் மேற்குப் பக்கம், நடைபாதையில் மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். கூடையோடு போன பூக்கார அம்மா நின்று எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், கோபுரம் மழைல நனைஞ்சு ஒழுகுற மாதிரி இருக்கு?"

என் ஓவியத்துக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் இதுதான் சரியானது. இதைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்க.

2/
முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓவியன் இல்லை. அடையாறில் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர். பகல் முழுக்க சர்க்கரை, பிரஷர், தைராய்டு, முழங்கால் வலி. நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்டர்கலர் வரைகிறேன். நாலு வருஷத்தில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

என் கருத்து இதுதான்: வளர்ந்த மனிதர் ஒவ்வொருவருக்கும், யாரும் மார்க் போடாத, யாரும் திருத்தாத ஒரு வேலை வேண்டும். எனக்கு வாய்த்தது லூஸ் வாட்டர்கலர்.

3/
"லூஸ் வாட்டர்கலர் கத்துக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அதுக்குத் தனியா வேற கத்துக்கணுமா?" என்றார். சரி, சிரித்தாச்சா? விஷயத்துக்கு வருவோம்.

பென்சிலில் கோடு போட்டு, கோட்டைத் தாண்டாமல் நிறம் நிரப்புவது ஒரு முறை. நாம் எல்லோரும் பள்ளியில் செய்தது. லூஸ் என்பது இதற்கு நேர் எதிர். தண்ணீர் நிறைய. பிரஷ் பெரிசு. தீற்றல் குறைவு. ஒரு நிறம் பக்கத்து நிறத்துக்குள் ஓடினால் ஓடட்டும். எல்லாவற்றையும் நாம் சொல்லிவிட மாட்டோம். மிச்சத்தைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும்.

4/
நான் ஆரம்பித்த கதை ஒரு பரணில் இருக்கிறது. போகிக்கு முன்னால் பரண் சுத்தம் செய்தபோது, பாதி தேய்ந்த கேமல் வாட்டர்கலர் டப்பா ஒன்று கிடைத்தது. என் மகளுடையது. நிறக்கட்டிகள் வெயில் காலத்து ஏரி மண் மாதிரி வெடித்துக் கிடந்தன. தண்ணீர் தொட்டதும் நீலம் மட்டும் உயிரோடு வந்தது.

அவள் ஏன் வரைவதை விட்டாள் என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

5/
முதல் முயற்சி இதே கபாலி கோவில் கோபுரம்தான். கிழக்கு ராஜகோபுரம் சுமார் 120 அடி உயரம். நிலைக்கு நிலை சுதைச் சிற்பங்கள். டாக்டர் புத்தி எங்கே போகும்? எக்ஸ்ரே படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே ஒவ்வொரு பொம்மையாக எண்ணி வரைய ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாவது நிலைகூட முடியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டது.

பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த கவின் கலைக் கல்லூரி மாணவர் ஒருவர் பாவப்பட்டு, "சார், கண்ணைச் சுருக்கிப் பாருங்க. இப்ப என்ன தெரியுது?" என்றார்.

6/
கண்ணைச் சுருக்கினேன். பொம்மைகள் எல்லாம் காணாமல் போயின. காலையில் குளத்தின் மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னால். தெரிந்தது ஒரே ஒரு சாம்பல் ஊதா வடிவம். ஓரத்தில் மட்டும் ஒரு வெளிச்சக் கீற்று.

"அவ்ளோதான் சார். அதை மட்டும் வரைங்க."

ஒரே பிரஷ், ஒரே கலவை, எட்டு நிமிஷம். கோபுரம் நின்றது. கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது, ஆனால் நின்றது. அன்றைக்கு எனக்கு விளங்கியது: லூஸ் என்றால் கவனக்குறைவு இல்லை. எதை விடுவது என்று முடிவு எடுப்பது.

7/
இதில் அறிவியல் எளிமையானதுதான். வாட்டர்கலர் என்பது நிறமித் தூளும் அக்கேசியா வகை மரப் பிசினும். பிசின் தண்ணீரில் கரையும். ஈரமான பேப்பரில் தொட்டால் நிறம் தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும். காய்ந்த பேப்பரில் தொட்டால் தொட்ட இடத்திலேயே நிற்கும். முழுக் கலையும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

வெள்ளைக்கு வழக்கமாகத் தனி பெயின்ட் கிடையாது. விட்டுவைத்த பேப்பர்தான் வெள்ளை. அதனால் வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. வரிசையை மாற்றினால் திரும்பி வர வழி ரொம்பக் குறைவு.

8/
பாதி காய்ந்த இடத்தில் "லேசா சரி பண்ணலாமே" என்று ஈர பிரஷ்ஷை வைத்தால், நிறத்தை ஓரத்துக்குத் தள்ளி, பூ மாதிரி ஒரு கறை விரியும். ஓவியர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே காலிஃபிளவர்தான்.

திருத்தப் போனால் கெடும். இதுதான் இந்த ஊடகத்தின் முதல் விதி. ஆயில் பெயின்டில் சுரண்டிவிட்டு மேலே பூசலாம். இதில் ஒரு தப்பு நடந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகணும்.

இது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

9/
என் தொழிலில் திருத்துவதுதான் வேலை. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி இடம் மாறி 0.5 மில்லிகிராம் 5 ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துத் தூக்கம் தொலைத்த இரவுகள் உண்டு. பேஷன்ட் கிளம்பிப் போன பிறகு ஓடிப்போய்ச் சீட்டை வாங்கிப் பார்த்த நாட்களும் உண்டு. அந்தப் பதற்றம் வேண்டும். அது இல்லாத டாக்டரிடம் நீங்கள் போகாதீர்கள்.

ஆனால் அதே பதற்றத்தோடு சாப்பிட்டு, அதே பதற்றத்தோடு பிள்ளை வளர்த்து, அதே பதற்றத்தோடு பொழுதும் போக்கினால்? அங்கேதான் பிரச்சினை.

10/
டாக்டருக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சென்னைக் கதை. பெரியமேட்டில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியைத் தொடங்கியவர் ஒரு டாக்டர். பெயர் அலெக்சாண்டர் ஹண்டர், அறுவை மருத்துவர். 1850-ல் பிராட்வேயில் தனியார் பள்ளியாக ஆரம்பித்தார். 1852-ல் அரசு எடுத்துக்கொண்டது. அவர் நோக்கம் பொழுதுபோக்கு இல்லை, கைத்தொழில். இருந்தாலும் அந்த வாசல் திறந்தது ஒரு டாக்டரின் கையால்.

11/
அந்தப் பள்ளிக்கு 1929-ல் வந்த முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அவரிடம் படித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 1936-ல், இருபத்தைந்து வயதில் போய் மாணவராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் வேறு பாணிக்குப் போனாலும், ஆரம்பத்தில் அவர் நிறைய வரைந்தது வாட்டர்கலர் நிலக்காட்சிகள். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவரும் அவரே.

ஆக, தண்ணீரும் நிறமும் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை.

12/
ஆனால் நம்ம ஊருக்கு ஒரு வியாதி இருக்கிறது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றிலும் ரொம்ப அதிகம். குழந்தை பாட்டு முணுமுணுத்தால் பாட்டு கிளாஸ். கால் ஆட்டினால் பரதம், அப்புறம் அரங்கேற்றம். நாலு காய் நகர்த்தினால் செஸ் கோச்சிங். பென்சிலைத் தொட்டால் டிராயிங் கிளாஸ், கிரேடு எக்ஸாம், சர்டிபிகேட், ஹாலில் ஃபிரேம்.

நான் இந்தக் கலைகளைக் குறை சொல்லவில்லை. அவை எல்லாம் நம் பெருமை. தேர்வு இல்லாத ஒரு மூலைகூட மிச்சம் வைக்காததைத்தான் சொல்கிறேன்.

13/
பெரியவர்கள் மட்டும் என்ன? நடந்தால் பத்தாயிரம் ஸ்டெப்ஸ். படித்தால் வருஷத்துக்கு ஐம்பது புத்தகம். தூங்கினால்கூட வாட்ச் மார்க் போடுகிறது. "டாக்டர், நேத்து என் ஸ்லீப் ஸ்கோர் 62" என்று கவலையோடு வந்தவரை எனக்குத் தெரியும். அந்தக் கவலையிலேயே அடுத்த நாளும் அவர் தூங்கவில்லை.

14/
இப்போது ஒரு பேஷன்ட் கதை. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். எழுபதை நெருங்குபவர். ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கையும் நடுக்கம். சும்மா வைத்திருந்தால் தெரியாது. காபி டம்ளரைத் தூக்கினால், பேனாவைப் பிடித்தால் ஆடும். எசென்ஷியல் ட்ரெமர் என்போம். பார்கின்சன் வேறு. அதில் பெரும்பாலும் கை ஓய்வாக இருக்கும்போதுதான் நடுங்கும்.

வந்ததும் அவர் சொன்ன முதல் வரி: "டாக்டர், கையெழுத்து ஒத்துப்போகலைன்னு செக்கைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நாப்பது வருஷமா போட்ட கையெழுத்து."

15/
மாத்திரை கொடுத்தேன். ஓரளவு குறைந்தது. முழுசாகப் போகவில்லை. அவர் டம்ளரைவிட கையெழுத்தையே நினைத்துக்கொண்டிருந்தார். எல்லோர் எதிரிலும் எழுதச் சொன்னால் நடுக்கம் கூடும். கூடுவதைப் பார்த்து இன்னும் பதற்றம், இன்னும் நடுக்கம்.

ஒருநாள் என் கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த ஒழுகும் கோபுரத்தைப் பார்த்து, "இது யார் வரைஞ்சது?" என்றார். நான்தான் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். மரியாதைக்காகக்கூட நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. "இதை நான்கூட வரைவேன் போலிருக்கே" என்றார்.

"வரைங்க சார்" என்றேன்.

16/
அவருக்கு நான் சொன்னது இரண்டே விஷயம். குட்டி பிரஷ் வேண்டாம், 12-ஆம் நம்பர் வாங்குங்க. விரலால் வரையாதீங்க, நின்றுகொண்டு தோளிலிருந்து வீசுங்க. சின்ன கோட்டில் பெரிதாகத் தெரியும் நடுக்கம், ஈரமான பெரிய தீற்றலில் கரைந்துபோகும். ஈரம் விளிம்பை எப்படியும் கலைத்துவிடும். மரத்தின் இலைக்கூட்டத்துக்கு நடுங்கும் விளிம்பு இன்னும் நல்லது.

மூன்று மாதம் கழித்து ஒரு கட்டு பேப்பரோடு வந்தார். தியோசாஃபிகல் சொசைட்டி ஆலமரம். அதன் பெரிய நடு அடிமரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இன்று மரமாக நிற்கின்றன. அந்த விழுதுகள் எல்லாம் அவர் பேப்பரில் லேசாக ஆடிக்கொண்டு இறங்கியிருந்தன.

17/
கீழே மூலையில் கையெழுத்து. கோணலாக, நடுங்கி.

"இதை யாரும் ஒத்துப் பார்க்க மாட்டாங்க டாக்டர்" என்றார்.

அவர் நடுக்கம் ஓவியத்தால் குணமாகவில்லை. அப்படி யாராவது ஃபார்வர்ட் அனுப்பினால் நம்பாதீர்கள். டம்ளரைப் பாதிதான் நிரப்புகிறார், செக்குக்குப் புது மாதிரிக் கையெழுத்து கொடுத்துவிட்டார். நடுங்குகிற கையோடு செய்ய அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. அவ்வளவுதான். அது சின்ன விஷயம் இல்லை.

(உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ புதிதாகக் கை நடுக்கம் வந்தால் முதலில் டாக்டரைப் பாருங்க. தைராய்டு, ஆஸ்துமா மருந்து, வேறு சில மாத்திரைகள் என்று காரணங்கள் பல.)

18/
"அப்போ வரைஞ்சா ஸ்ட்ரெஸ் குறையுமா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும்.

2016-ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு. 39 பேரை 45 நிமிஷம் கலைவேலை செய்ய வைத்து, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் அளந்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்குக் குறைந்தது. முன்அனுபவம் இருந்ததா இல்லையா என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 39 பேர் கொஞ்சம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. 45 நிமிஷம் போனை வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலே குறைந்திருக்குமோ? அந்த ஆய்வு பதில் சொல்லாது.

19/
ஆனால் என் ஆட்சேபம் வேறு. கார்டிசாலுக்காக வரைய ஆரம்பித்தால் அதுவும் ஒரு ஸ்கோர் ஆகிவிடும். "இன்னிக்கு வரைஞ்சும் டென்ஷன் குறையலையே" என்று அதற்கும் ஒரு டென்ஷன்.

அதனால் இதை நான் மருந்தாக எழுதித் தரமாட்டேன். உப்பைக் குறைங்க, நடங்க, மாத்திரையை விடாதீங்க என்பது என் தொழில். வரையுங்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரன் சொல்வது மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

20/
வழக்கமான மூன்று மறுப்புகள்.

"எனக்கு வரைய வராது." எனக்கும்தான். மேலே படித்தீர்களே.

"நேரமில்லை." ஒரு சின்ன லூஸ் ஓவியம் இருபது நிமிஷம். நேரம் ஆக ஆகக் கெடும் பொழுதுபோக்கு இது ஒன்றுதான்.

"காசு." வெளிநாட்டு டியூப் எதுவும் வேண்டாம். சாதாரண மாணவர் செட், 12-ஆம் நம்பர் உருண்டை பிரஷ் ஒன்று, இரண்டு டப்பா தண்ணீர், பழைய காட்டன் துணி. பேப்பரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் வாங்குங்க. மெல்லிசு பேப்பர் தண்ணீர் பட்டால் அப்பளம் மாதிரி நெளியும். பழி உங்கள் மேல் விழும்.

21/
எங்கே உட்காருவது? நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்ச் போதும். வெள்ளையை விட்டுவைக்கப் பழக பெசன்ட் நகர் பீச்சில் கார்ல் ஷ்மிட் நினைவு வளைவு. அதைச் சுற்றி வானத்தையும் கடலையும் பூசினால் வளைவு தானாக வந்துவிடும்.

கூட்டம் வரைய ரங்கநாதன் தெரு. உட்கார இடம் கிடையாது, போட்டோ எடுத்து வந்து வீட்டில் வரையுங்கள். ஒவ்வொரு ஆளும் ஒரு கேரட், மேலே ஒரு புள்ளி தலை. இருபது கேரட் போட்டால் தீபாவளி ஷாப்பிங் தயார்.

சித்திரை வெயிலில் வாஷ் சட்டென்று காய்ந்துவிடும், வேகம் வேண்டும். ஐப்பசி மழையில் காயவே காயாது, பொறுமை வேண்டும். துணை வேண்டுமென்றால் வார இறுதியில் கூடி வரையும் குழுக்கள் இருக்கின்றன. சென்னை வீக்எண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் அதில் ஒன்று.

22/
டாக்டராக ஒரே எச்சரிக்கை: பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்காதீர்கள். சில நிறங்களில் காட்மியம், கோபால்ட் உண்டு. நூறு வருஷம் முன்பு அமெரிக்காவில் கடிகார முகப்புக்கு ரேடியம் பெயின்ட் அடித்த பெண்கள் பிரஷ்ஷை உதட்டில் கூராக்கித்தான் நோயில் விழுந்தார்கள். நம் டப்பாவில் ரேடியம் இல்லை, ஆனால் பழக்கம் பழக்கம்தான். டீ டம்ளரையும் பிரஷ் கழுவும் டம்ளரையும் தள்ளி வையுங்கள். நான் ஒருமுறை மாற்றிக் குடித்திருக்கிறேன்.

23/
நுணுக்கமாக வரைவது மட்டம் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோவில்களைப் பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. கண் பார்வை சுருங்கிக்கொண்டே போகும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவோடு, மயிர்க்கோடு மயிர்க்கோடாகப் பேனா ஓவியம் வரைந்தவர் மனோகர் தேவதாஸ். 2022-ல் சென்னையில் மறைந்தார். அந்தப் பொறுமைக்கு முன்னால் நான் கைகட்டித்தான் நிற்பேன்.

அது தவம். நான் பேசுவது ஞாயிற்றுக்கிழமை. இரண்டும் வேறு.

24/
கடைசியாக, அந்தப் பரண் டப்பா.

மகளுக்கு ஏழு வயசு இருக்கும்போது ஒரு யானை வரைந்து காட்டினாள். நான் சொன்னது: "சூப்பர் பாப்பா. ஆனா ஒரு கால் குட்டையா இருக்கே?" அழித்து வரைந்தாள். அடுத்து காது. அடுத்து வால். நன்றாக வரட்டும் என்று கிளாஸில் சேர்த்தேன், கிரேடு எக்ஸாமும் எழுதினாள். ஒன்பது வயசில், "எனக்கு வரைய வராதுப்பா" என்று டப்பாவை மூடினாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. எல்லோரும் அன்போடு திருத்தினோம். முதலில் திருத்தியது நான்.

25/
இப்போது ப்ளஸ் ஒன். போன மாதம் நான் வரைந்துகொண்டிருந்தபோது வந்து நின்றாள். "கோபுரம் சாயுதுப்பா." ஆமாம் என்றேன். ஒரு பேப்பரை எடுத்து நனைத்து, நீலத்தைத் தொட்டு வைத்து, அது ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் ஃபிசிக்ஸ் டியூஷனுக்குக் கிளம்பிவிட்டாள்.

அது என்ன, வானமா, கடலா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நாலு வருஷ வாட்டர்கலரில் நான் கற்றது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். ஈரமாக இருக்கும்போது கை வைக்கக் கூடாது.

26/
இந்த ஞாயிறு ஒரு பேப்பரை நனைத்துப் பாருங்கள். வந்ததை இங்கே போடுங்கள், போடாமலும் இருங்கள். போட்டால் நான் மார்க் போடமாட்டேன். மற்றவர்களும் "கால் குட்டையா இருக்கே" என்று சொல்லாமல் இருந்தால் நல்லது.

நாளைக்குக் கிளினிக் வழக்கம்போல. ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்து வாங்க.